சாவைத் தருவதும் சாக விடுவதும்: கிறிஸ்தவ நிலைப்பாடுகளும் திருவனந்தபுரத்தின் பதிலும்

2000ஆம் ஆண்டில் கேரள உயர்நீதிமன்றம் ஒரு மனுவைத் தள்ளுபடி செய்தது. மனுதாரர் எண்பதை எட்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர். நிறைவாக வாழ்ந்துவிட்டேன், என் கடமைகள் முடிந்தன, இனி என் விருப்பப்படி உயிரை விட அனுமதி வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். தம்மைப் போல விடைபெற நினைப்பவர்களுக்காக அரசே ‘மகாபிரஸ்தான கேந்திரம்’ அமைக்க வேண்டும், உறுப்புதானத்துக்கும் அங்கே வழிசெய்ய வேண்டும் என்பதும் அவர் கோரிக்கை. என்ன காரணம் சொன்னாலும் தன்னுயிரைத் தானே முடித்துக்கொள்வது தற்கொலைதான் என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

அந்த மனு நிறைவிலிருந்து எழுந்தது. திருவனந்தபுரத்தில் அதே கேள்வி பெரும்பாலும் வேதனையிலிருந்து எழுகிறது. மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்சிசியின் வார்டில், தனியார் மருத்துவமனையின் ஐசியு வாசலில், பூந்துறையிலோ பாறசாலையிலோ ஒரு வீட்டின் பின்கட்டில், “இன்னும் எத்தனை நாள் இப்படி?” என்று நோயாளியும் கேட்கிறார், பார்த்துக்கொள்பவர்களும் கேட்கிறார்கள். அவர்களில் கிறிஸ்தவர்கள் ஏராளம். கடலோர லத்தீன் கத்தோலிக்கர், பட்டத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சீரோ மலங்கரா சபையார், லண்டன் மிஷன் வழிவந்த சிஎஸ்ஐ தென்கேரளப் பேராயத்தினர், ஆர்த்தடாக்ஸ், மார்த்தோமா, சால்வேஷன் ஆர்மி, பெந்தெகொஸ்தே என்று உலகக் கிறிஸ்தவத்தின் பல கிளைகள் இந்த ஒரு மாவட்டத்தில் அருகருகே வாழ்கின்றன. ஆகவே, மருத்துவ உதவியுடன் உயிர்விடுவதைப் பற்றிக் கிறிஸ்தவம் என்ன சொல்கிறது என்று பரிசீலிக்க இது பொருத்தமான இடம்.

இக்கட்டுரையின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவர் கையால் உயிரை முடிப்பது கூடாது என்ற கிறிஸ்தவ நிலைப்பாட்டை நான் ஏற்கிறேன். ஆனால் அந்தக் ‘கூடாது’ நோயாளியின் கட்டிலருகே எடுபட வேண்டுமானால், வலியைத் தணிப்பது, பயனற்ற சிகிச்சையிலிருந்து விடுவிப்பது, கடைசிவரை உடனிருப்பது ஆகிய மூன்றையும் திருச்சபை தன் கடமையாகச் சுமக்க வேண்டும். சுமக்காத சபைக்கு அந்தச் சொல்லைச் சொல்லும் தகுதி குறைவு.

சட்டம் நிற்கும் இடம்

பொதுப்பேச்சில் எல்லாமே ‘கருணைக்கொலை’ என்ற ஒரே பெயரில் அடைபடுகிறது. உண்மையில் இங்கே மூன்று வெவ்வேறு செயல்கள் உள்ளன. மருந்து செலுத்தியோ, நோயாளியே குடிக்கும்படி மருந்து கொடுத்தோ சாவை வரவழைப்பது ஒன்று. பலன் தராத வென்டிலேட்டர் போன்ற உயிர்காப்புச் சாதனங்களை நிறுத்தி, நோய் தன் போக்கில் முடிவை எட்ட விடுவது இரண்டாவது. வலி அடங்குமளவுக்கு மார்பின் போன்ற மருந்துகளைக் கொடுப்பது மூன்றாவது.

நெதர்லாந்து, பெல்ஜியம், கனடா முதலிய நாடுகள் முதல் வகையைச் சட்டமாக்கியுள்ளன. இந்தியாவில் அது குற்றம். இறந்தவரின் சம்மதம் இருந்தால் குற்றத்தின் தரம் கொலையிலிருந்து ஒரு படி இறங்குமே தவிர, குற்றம் குற்றமாகவே இருக்கும். தற்கொலைக்குத் துணைபோவதும் தண்டனைக்குரியது. தற்கொலைக்கு முயன்றவரைப் பொறுத்தமட்டில் சட்டம் கனிந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இல்லை.

இரண்டாம் வகைக்கு வழி திறந்தது மும்பை கேஇஎம் மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக்கின் வழக்கு. 1973இல் கொடூரமாகத் தாக்கப்பட்டு உணர்விழந்த அவரை, உடன் பணியாற்றியவர்களும் அவர்களுக்குப் பின் வந்த செவிலியர்களும் 2015இல் அவர் இறக்கும்வரை பராமரித்தார்கள். உணவை நிறுத்த அனுமதி கேட்டு எழுத்தாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 7 அன்று உச்சநீதிமன்றம் அருணா விஷயத்தில் அனுமதி மறுத்தது. ஆனால் தகுந்த நிலைகளில் உயர்நீதிமன்ற ஒப்புதலோடு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாம் என்று பொதுவிதி வகுத்தது. 2018 மார்ச் 9 அன்று ‘காமன் காஸ்’ வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையின் பகுதியே என்று கூறி ‘லிவிங் வில்’ எனப்படும் முன்விருப்ப ஆவணத்தை ஏற்றது. அதன் நடைமுறை மிகச் சிக்கலாக இருந்ததால், தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் முறையிட, கேரளத்தவரான நீதிபதி கே.எம்.ஜோசப் தலைமையிலான அமர்வு 2023 ஜனவரி 24 அன்று அதை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும். நேரம் வரும்போது மூன்று மருத்துவர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் அடுத்தடுத்துப் பரிசீலித்து முடிவெடுக்கும்.

வேதாகமம் காட்டுவது

உதவியோடு இறப்பதற்கு வேதாகமத்தில் மிக நெருங்கிய நிகழ்ச்சி சவுலின் சாவு. கில்போவா மலையில் காயம்பட்ட சவுல் தன்னைக் கொல்லும்படி ஆயுததாரியிடம் கேட்கிறான். அவன் பயந்து மறுக்கவே, தன் வாளின்மேல் தானே விழுகிறான். இது சாமுவேலின் முதல் நூலில் உள்ள விவரம். இரண்டாம் நூலில் ஒரு அமலேக்கியன் தாவீதிடம் வந்து, சவுல் கெஞ்சிக் கேட்டதால் நானே கொன்றேன் என்கிறான். தாவீது அவனுக்கு மரணதண்டனை விதிக்கிறான். கருணைக்கொலையை எதிர்ப்போர் இந்த இடத்தை அடிக்கடி காட்டுகிறார்கள். ஆனால் தாவீது சொல்லும் காரணம், கர்த்தர் அபிஷேகம் செய்த அரசன்மேல் கைவைத்தான் என்பது. எல்லா மனிதருக்குமான விதியை இந்த ஒரு காட்சியிலிருந்து மட்டும் எடுப்பது கடினம். மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்ட சவுலின் உடலை யாபேஸ் கீலேயாத் ஊரார் இரவோடு இரவாக மீட்டு, எலும்புகளை மரியாதையோடு அடக்கம்செய்து ஏழு நாள் நோன்பிருந்தார்கள். வேதாகமம் அவர்களைக் கண்டிக்கவில்லை, தாவீது வாழ்த்துகிறான்.

சாவை வேண்டிக் கேட்டவர்களின் வரிசையும் நீளமானது. மோசே கேட்டார், எலியா கேட்டார், யோனா கேட்டார். யோபு தான் பிறந்த நாளையே சபித்தார். எலியாவின் கதையில் இறைவன் தரும் பதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சூரைச்செடியின் கீழ் படுத்து ‘போதும்’ என்றவருக்குக் கண்டனம் வரவில்லை, கேட்ட சாவும் வரவில்லை. தூக்கம் வந்தது, அப்பமும் தண்ணீரும் வந்தன, மறுபடியும் ஒருமுறை வந்தன. சாவைக் கேட்பது பாவமாகக் கருதப்படவில்லை. அந்தக் கேள்விக்குள் இருந்த களைப்பு கவனிக்கப்பட்டது.

கத்தோலிக்க மரபின் இரண்டு கால்கள்

தன்னுயிரை முடித்துக்கொள்வது கொலையே என்ற வாதத்தை ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தினார் நிலைநாட்டினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் அதற்கு மூன்று காரணங்கள் தந்தார்: அது இயல்பான தன்னன்புக்கு முரண், சமூகத்துக்கு இழைக்கும் அநீதி, உயிரைத் தந்தவரின் உரிமையில் தலையிடுவது. இது மரபின் ஒரு கால்.

இன்னொரு கால் பொதுமக்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. உயிரைக் காக்க எந்த அளவுக்குப் போக வேண்டும் என்ற கேள்வியைப் பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினின் இறையியலாளர்கள், குறிப்பாக பிரான்சிஸ்கோ டி விட்டோரியாவும் டொமிங்கோ பானியெஸும், விரிவாக அலசினார்கள். சாதாரண வழிகளைக் கைவிடக் கூடாது. தாங்கமுடியாத வேதனையோ செலவோ தரும் அசாதாரண வழிகளுக்கு யாரும் கடன்பட்டவரல்ல என்பது அவர்கள் கண்ட விடை. மயக்கமருந்து இல்லாத காலத்தில் காலை வெட்டும் அறுவைக்கு ஒப்புக்கொள்ள மறுப்பவன் தற்கொலை செய்தவன் ஆகான்.

வென்டிலேட்டர் காலத்துக்கு இதைக் கொண்டுவந்தவர் பன்னிரண்டாம் பயஸ். 1957இல் மயக்கவியல் மருத்துவர்களுக்கு அவர் அளித்த இரண்டு விடைகள் இன்றும் அடித்தளமாக இருக்கின்றன. பிப்ரவரியில், வேறு வழியில்லாதபோது வலியைப் போக்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்றாலும் தரலாம் என்றார். நவம்பரில், நம்பிக்கையற்ற நிலையில் செயற்கைச் சுவாசத்தைத் தொடர மருத்துவருக்குக் கட்டாயமில்லை என்றார். 1980 மே மாதம் வத்திக்கான் வெளியிட்ட கருணைக்கொலை குறித்த அறிக்கையும், 1995இல் இரண்டாம் ஜான் பால் எழுதிய ‘எவாஞ்சேலியும் வீத்தே’ சுற்றுமடலும் கருணைக்கொலையை முற்றாக மறுத்தன. அதே சமயம், அளவுக்குமீறிய சிகிச்சையைக் கைவிடுவது வேறு செயல் என்றும் அவை தெளிவாகப் பிரித்தன. கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் தன் 2278, 2279 எண்களில் இதையே கூறி, நோய்த்தணிப்புச் சிகிச்சையை அன்பின் சிறப்பு வடிவமாகப் போற்றுகிறது.

குழாய் வழி உணவு இந்தப் பிரிவினையில் இடறும் இடம். விழிப்பிருந்தும் உணர்வற்ற நிலையில் நீண்டகாலம் கிடப்பவர்களுக்கு அது சிகிச்சையா, அடிப்படைப் பராமரிப்பா? கொள்கையளவில் கொடுத்தே ஆக வேண்டிய பராமரிப்பு என்று 2004இல் இரண்டாம் ஜான் பால் பேசினார். 2007இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயமும் அதை உறுதிசெய்தது. உடல் அதை ஏற்க மறுக்கும் நிலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 2020இல் வெளியான ‘சமாரித்தானுஸ் போனுஸ்’ ஆவணம் கருணைக்கொலையோடு எந்த வகையிலும் ஒத்துழைக்கக் கூடாது என்று கடுமையாகக் கூறியது. பெல்ஜியத்தில் பிரதர்ஸ் ஆஃப் சாரிட்டி நடத்தும் மனநல மருத்துவமனைகள் 2017இல் கருணைக்கொலைக்கு இடமளித்ததும், அவை இனிக் கத்தோலிக்க நிறுவனங்கள் அல்ல என்று 2020இல் வத்திக்கான் அறிவித்ததும் இந்தக் கடுமையின் நடைமுறை வடிவம்.

வேறு திசையில் போன கிறிஸ்தவர்கள்

இந்த மரபை எதிர்த்தும் கிறிஸ்தவத்துக்குள்ளிருந்தே குரல்கள் எழுந்தன. பின்னாளில் புனிதராக உயர்த்தப்பட்ட தாமஸ் மோர், 1516இல் வெளியான ‘உட்டோப்பியா’வில், தீரா நோயில் வதைபடுவோர் குருக்களின் ஆலோசனையோடு விரும்பி இறக்கும் ஒரு கற்பனை நாட்டை வரைந்தார். ஆங்கிலக் கவிஞரும் குருவுமான ஜான் டன், தற்கொலை எப்போதும் பாவமாகாது என்று ஒரு நூலே எழுதினார். அவர் காலத்தில் அது அச்சேறவில்லை, 1647இல்தான் வெளிவந்தது. 1954இல் அமெரிக்க எபிஸ்கோப்பல் குருவான ஜோசப் ஃபிளெச்சர் நவீன வாதத்தைத் தொடங்கிவைத்தார்.

நம் காலத்தில் மூன்று பெயர்களைத் தவிர்க்க முடியாது. கத்தோலிக்க இறையியலாளர் ஹான்ஸ் குங், தம்பி மூளைக்கட்டியால் துன்புற்று இறந்ததைக் கண்டவர். உயிர் இறைவனின் கொடை. ஆனால் கொடுத்தவர் பொறுப்பையும் சேர்த்தே கொடுத்தார், அந்தப் பொறுப்பு கடைசி நாட்களில் மட்டும் பறிபோகாது என்பது அவர் வாதம். கேன்டர்பரியின் முன்னாள் பேராயர் ஜார்ஜ் கேரி, 2014 ஜூலையில், தேவையற்ற துன்பத்தை நேரில் கண்டபின் தம் பழைய உறுதி தளர்ந்தது என்று அறிவித்து ஆதரவுப் பக்கம் வந்தார். அதே மாதத்தில் தென்னாப்பிரிக்காவின் முன்னாள் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவும் குரல்கொடுத்தார். 2016இல் தம் 85ஆம் பிறந்தநாளையொட்டி, தமக்கும் அந்தத் தெரிவு வேண்டும் என்று எழுதினார். நிறவெறிக்கு எதிராக மனித மாண்பைத் தூக்கிப்பிடித்த ஒருவர் அதே மாண்பின் பெயரால் கேட்கும்போது, ‘விசுவாசம் தளர்ந்தவர்’ என்று ஒதுக்கிவிட முடியாது.

சபைகள் அளவிலும் பிளவு உண்டு. கனடாவின் யுனைடெட் சர்ச் இதைக் கொள்கையளவில் எதிர்க்கவில்லை. ஜெர்மனியில் தற்கொலை உதவித் தடையை அரசமைப்பு நீதிமன்றம் 2020இல் நீக்கியபின், சபை நடத்தும் இல்லங்களிலேயே அந்த உதவி கிடைக்கலாமே என்று சில புராட்டஸ்டண்ட் இறையியலாளர்கள் 2021இல் கேட்டனர். அவர்கள் சபைத் தலைமை அதிலிருந்து விலகி நின்றது. ஆங்கிலிக்கன் ஆயர்களின் 1998 லாம்பெத் மாநாடு கருணைக்கொலையை மறுத்தது, மிகையான சிகிச்சையை நிறுத்துவது விசுவாசத்துக்கு இசைந்ததே என்றும் கூறியது. சிஎஸ்ஐ ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் அங்கம் என்பதால் திருவனந்தபுரத்துச் சபைகளுக்கும் இது நெருக்கமான வழிகாட்டி.

இந்த ஆதரவாளர்களுக்கு என் பதில் இரண்டு. முதலாவது அனுபவத்திலிருந்து வருவது. 1997 முதல் சட்டம் நடைமுறையில் உள்ள ஓரிகனில், சாவைக் கேட்டவர்கள் சொன்ன காரணங்களில் வலி முதலிடத்தில் இல்லை. தன் காரியத்தைத் தானே செய்ய முடியாமை, பிடித்ததைச் செய்து மகிழ முடியாமை, மாண்பு போய்விட்டது என்ற உணர்வு ஆகியவையே முன்னால் நிற்கின்றன. இவை பிறர் நம்மை எப்படி நடத்துகிறார்கள் என்பதோடு பின்னிக் கிடப்பவை. இரண்டாவது, எல்லை நகர்வது. கனடாவில் 2016இல் சாவு நெருங்கியவர்களுக்கென்று தொடங்கிய சட்டம் 2021இல் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. 2023இல் அங்கே 15,343 பேர் இவ்வழியில் இறந்தார்கள்; மொத்த இறப்புகளில் அது 4.7 சதவீதம். பராமரிப்பு கிடைப்பதற்குமுன் சாவு கிடைக்கும் நிலை வந்தால், ‘தெரிவு’ என்ற சொல் ஏழைக்கும் ஊனமுற்றவருக்கும் வேறு பொருள் தரும்.

தமிழர்களுக்கு இதை வெளிநாட்டு உதாரணம் கொண்டு விளக்க வேண்டியதில்லை. விருதுநகர்ப் பக்கத்துத் தலைக்கூத்தலை நாம் அறிவோம். முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து அனுப்பிவைக்கும் அந்த வழக்கத்தில் பரிவும் இருந்தது, பாரத்தை இறக்கிவைக்கும் அவசரமும் இருந்தது. இரண்டில் எது எந்த வீட்டில் முந்தியது என்று வெளியிலிருந்து எந்த மருத்துவக் குழுவாலும் கண்டுபிடிக்க முடியாது.

திருவனந்தபுரம் தந்த பதில்

நவீன நோய்த்தணிப்புச் சிகிச்சையின் தாய் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகத் தொடங்கி மருத்துவரான இந்த ஆங்கிலிக்கன் பெண்மணி 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். வலி உடலில் மட்டும் இல்லை, மனத்திலும் உறவிலும் பணக்கவலையிலும் ஆன்மாவிலும் சேர்ந்தே இருக்கிறது என்று அவர் கண்டார். கருணைக்கொலைக் கோரிக்கைக்கு அவர் எதிர்வாதம் பேசினார், எதிர்வாதத்துக்குச் சாட்சியாக ஒரு இல்லத்தையும் கட்டினார்.

அந்த வழி கேரளத்துக்கு வந்தது 1990களில். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் பேராசிரியராக இருந்த எம்.ஆர்.ராஜகோபால், மருத்துவர் சுரேஷ்குமார் முதலிய நண்பர்களோடு 1993இல் ‘பெயின் அண்ட் பாலியேட்டிவ் கேர் சொசைட்டி’யைத் தொடங்கினார். இங்கிலாந்துச் செவிலியர் கில்லி பர்னும் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர் ராபர்ட் ட்வைகிராஸும் பயிற்சிக்கும் வழிகாட்டலுக்கும் துணைநின்றார்கள். 2003இல் ராஜகோபால் திருவனந்தபுரத்தில் ‘பாலியம் இந்தியா’வை நிறுவினார். அதன் கீழ் இயங்கும் திருவனந்தபுரம் நோய்த்தணிப்பு அறிவியல் நிறுவனம் இன்று உலக சுகாதார அமைப்பின் ஒத்துழைப்பு மையம். 2008இல் நோய்த்தணிப்புக்கென்று தனிக் கொள்கை அறிவித்த இந்தியாவின் முதல் மாநிலமானது கேரளம். 941 கிராமப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் வீட்டுக்கு வரும் செவிலியர் சேவை வேரூன்றியது. நோயாளியின் வீட்டுக்கு வந்து புண்ணைக் கழுவி, மருந்து கொடுத்து, அரிசி இருக்கிறதா என்றும் விசாரிப்பவர்களைத்தான் இங்கே மக்கள் சுருக்கமாகப் ‘பாலியேட்டிவ்காரர்கள்’ என்கிறார்கள்.

இதன் மையத்தில் ஒரு சாதாரண மருந்து இருக்கிறது: மார்பின். அபினி விளையும் இந்தியாவில், 1985இன் போதைப்பொருள் தடைச் சட்டத்துக்குப்பின் மருத்துவ மார்பின் பயன்பாடு பத்தாண்டுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. புற்றுநோயாளிகள் அலறியபடி இறந்தார்கள். ராஜகோபாலும் அவரோடு நின்றவர்களும் நீண்டகாலம் போராடியதன் பலனாக 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. பன்னிரண்டாம் பயஸ் 1957இல் இறையியலாகச் சொன்னதை ஒரு மாநிலம் மருந்துச்சீட்டாக மாற்றியது இப்படித்தான். மார்பினைச் சரியான அளவில் கொடுத்தால் அது சாவை விரைவுபடுத்துவதில்லை என்பதை மருத்துவம் இன்று அறியும். இருந்தும் ‘மார்பின் என்றால் முடிவு’ என்ற பயத்தில் மருந்தை மறுக்கும் குடும்பங்கள் உண்டு. சிலுவையில் அறையப்படுமுன் கர்த்தர் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை மறுத்தாரே என்று வலியைத் தாங்குவதையே பக்தியாக எண்ணும் முதியவர்களும் உண்டு. தன் வலியை ஒருவர் காணிக்கையாக்கலாம். அதை அடுத்தவர்மேல் சுமத்த எந்தச் சபைக்கும் உரிமையில்லை.

இந்த இயக்கம் சபைகளின் இயக்கமாக வளரவில்லை. இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவத் தொண்டர்களும் நாத்திகர்களும் சேர்ந்து கட்டியது. கிறிஸ்தவ மருத்துவச் சேவையின் வேர்கள் இப்பகுதியில் ஆழமானவை என்பதால், இதைக் கிறிஸ்தவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். லண்டன் மிஷன் நெய்யூரில் மருத்துவப்பணி தொடங்கியது 1838இல். அப்போது நெய்யூர் திருவிதாங்கூரில் இருந்தது. எவரெஸ்ட் ஏறப்போன அறுவை மருத்துவர் ஹாவர்ட் சாமர்வெல் 1920களில் அங்கே வந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தார். காரக்கோணத்திலுள்ள சிஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்குகிறது. குணமாக்கும் பணியில் முன்னோடியாக இருந்த சபைகள், குணமாகாதவரோடு இருக்கும் பணியில் பிறர் தொடங்கியதைப் பின்தொடர்கின்றன. பின்தொடர்வதில் தவறில்லை. இன்னும் வேகமாகத் தொடரலாம்.

ஐசியு வாசலில்

வெளிநாடுகளில் விவாதம் ‘சாவைத் தரலாமா’ என்று சுழல, நம் மருத்துவமனைகளில் பெருந்துயரம் எதிர்த்திசையில் நடக்கிறது. இங்கே சாவு அனுமதிக்கப்படுவதில்லை. பிழைக்க வழியில்லாத முதியவர் குழாய்களோடு, கைகள் கட்டப்பட்டு, சொந்தங்களைப் பார்க்க முடியாமல் ஐசியுவில் கிடக்கிறார். பிள்ளைகள் வளைகுடாவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வந்துசேரும்வரை ‘நிறுத்திவைக்க’ வேண்டியிருக்கிறது. நிலம் விலைபோகிறது. கருவியை எடுக்கச் சொல்வது கொலை என்று குடும்பம் அஞ்சுகிறது. சட்டச்சிக்கல் வரும் என்று மருத்துவர் அஞ்சுகிறார். அது விசுவாசக் குறைவு என்று ஜெபக்குழு அஞ்சுகிறது.

2018 தீர்ப்பு வந்தபோது இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் தரப்பிலிருந்து எதிர்ப்புக் குரல் எழுந்தது. உயிருக்கான அக்கறையில் எழுந்த குரல் என்பதை நான் மதிக்கிறேன். ஆனால் தீர்ப்பு ஏற்றவற்றில் பெரும்பகுதி, வத்திக்கான் 1957 முதல் அனுமதித்துவந்ததே. குழாய் உணவைப் பற்றிய வேறுபாடு உண்மையானது; அதை வெளிப்படையாகச் சுட்டி, மற்றவற்றைத் திருச்சபையின் சொந்தப் போதனையாக மக்களிடம் விளக்கியிருக்கலாம். விளக்காததால், ஞாயிறுதோறும் கோவிலுக்கு வருபவர்களே வென்டிலேட்டரை நிறுத்துவதும் விஷ ஊசி போடுவதும் ஒன்று என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கத்தோலிக்கப் போதனையின் ஒரு காலை மட்டும் மேடையில் நிறுத்தியதன் விளைவு இது.

லிவிங் வில் பற்றிய விழிப்புணர்வில் கேரளம் முன்னே போகிறது. பாலியம் இந்தியா அதற்காக உழைக்கிறது. திருச்சூரில் பலர் கூட்டாகக் கையெழுத்திட்டார்கள். கொல்லம் அரசு மருத்துவக் கல்லூரியில் அதற்கென்றே தகவல் மையம் இயங்குகிறது. கத்தோலிக்கர் ஒருவர் தன் ஆவணத்தில் கருணைக்கொலையை மறுத்தும், மிகைச்சிகிச்சையைத் தவிர்க்கக் கேட்டும், வலிநிவாரணமும் நோயில்பூசுதலும் நற்கருணையும் வேண்டும் என்றும் எழுதலாம். சீரிய மரபினர் நோயாளிக்காக விளக்கேற்றி நடத்தும் கந்தீலா சடங்கைக் கேட்டு எழுதலாம். இவை எதுவும் விசுவாசத்துக்கு முரணல்ல. சடங்குக்கான நேரத்தையும் சுயநினைவையும் ஐசியுவிடமிருந்து மீட்டுத்தரும் வழி அது.

தெம்மாடிக்குழியின் நிழல்

தற்கொலை செய்தவர்களைப் பழைய கேரளப் பள்ளிகளில் ‘தெம்மாடிக்குழி’ என்ற ஒதுக்கிடத்தில் புதைத்தார்கள். 1917இன் கத்தோலிக்கத் திருச்சட்டம் அவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983இன் திருச்சட்டம் அந்த மறுப்பை நீக்கியது. மனநோயும் கடும் அச்சமும் பொறுப்பைக் குறைக்கும், அவர்களுக்காகச் செபிக்க வேண்டும் என்று மறைக்கல்வி நூலும் சொல்கிறது. யாபேஸ் கீலேயாத் ஊரார் செய்ததை எட்ட நமக்கு இத்தனை நூற்றாண்டுகள் ஆயின.

இது வெறும் பழங்கதையாகிவிடவில்லை. 2022இல் நாட்டில் லட்சம் பேருக்கு 12.4 ஆக இருந்த தற்கொலை விகிதம் கேரளத்தில் 28.5. ஆறில் ஒருவர் அறுபதைத் தாண்டிய மாநிலத்தில், பெரிய வீட்டில் தனியே வாழும் முதியவர், ‘நான் பாரம்’ என்ற எண்ணத்தை வெளியே சொல்ல அஞ்சுகிறார். சொன்னால் பாவப்பேச்சு என்று அடக்கிவிடுவார்கள் என்பது அவர் பயம். சாவைப் பற்றிய ஆசையைப் பாவமாக மட்டும் கேட்கப் பழகிய சபையிடம் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். சொல்லாதவருக்கு உதவவும் முடியாது.

நான் நிற்கும் இடம்

எல்லா வலியையும் நோய்த்தணிப்பு போக்கிவிடும் என்று சொல்லமாட்டேன். சிலருடைய துன்பம் மருந்துக்கும் அன்புக்கும் அடங்குவதில்லை. நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோயில் மூச்சுத்திணறி இறக்கப்போகிறோம் என்று தெரிந்தவரின் அச்சத்துக்கு அக்குவினாஸின் மூன்று காரணங்கள் ஆறுதல் தராது. குங்கும் டூட்டுவும் பேசியது இவர்களை மனத்தில் வைத்துத்தான். இத்தகையவர்களுக்கு மருத்துவம் தரக்கூடிய கடைசி உதவி, வேறெதற்கும் அடங்காத வேதனையில் நினைவைத் தணித்து உறங்கவைப்பது. கொல்லும் நோக்கமின்றிச் செய்யும்போது கத்தோலிக்கப் போதனையும் அதை அனுமதிக்கிறது. திருவனந்தபுரத்துப் பங்குகளிலும் சபைகளிலும் இதை அறிந்தவர் எத்தனை பேர்?

அந்தச் சிலருக்காக இந்தியாவில் சாவைத் தரும் சட்டம் கொண்டுவரக் கூடாது என்றே நான் கருதுகிறேன். நோய்த்தணிப்புத் தேவைப்படும் இந்தியரில் மிகச் சிறு பகுதியினருக்கே அது கிடைக்கிறது. மருத்துவச் செலவு ஆண்டுதோறும் கோடிக்கணக்கானோரை வறுமையில் தள்ளும் நாடு இது. இந்த நாட்டில் அப்படியொரு சட்டம், டூட்டுவைப் போன்ற தெளிந்த மனத்தவரைவிட, பில் கட்ட முடியாதவரையே முதலில் சென்றடையும். எதிர்ப்புக்கு என் காரணம் உயிரின் புனிதம் மட்டுமல்ல, நம் சமூகத்தின் அநீதியும்தான்.

ஆனால் எதிர்ப்பவர்கள் கணக்குக் காட்ட வேண்டும். பேராயங்கள் நடத்தும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் வாய்வழி மார்பினும் அதைக் கொடுக்கப் பயின்ற மருத்துவரும் இருக்க வேண்டும். குருமடங்களிலும் இறையியல் கல்லூரிகளிலும் மரணப்படுக்கையில் பேசவும் பேசாதிருக்கவும் கற்பிக்க வேண்டும். திருமணத்துக்குமுன் வகுப்பு நடத்தும் பங்குகள், அறுபதைக் கடந்தவர்களுக்கு லிவிங் வில் எழுதவும் ஒரு வகுப்பு நடத்தலாம். பராமரிப்பவருக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு கிடைக்கும்படி இளைஞர் குழு முறைவைத்து அந்த வீட்டுக்குப் போகலாம். ஐசியு பில்லுக்காகப் பங்கில் காசு திரட்டும்போது, அந்தச் சிகிச்சை அவருக்கு உதவுகிறதா என்று மருத்துவரிடம் கேட்கும் துணிவும் பங்குத்தந்தைக்கு வேண்டும். இவற்றைச் செய்யும் சபை ‘சாவைத் தராதே’ என்று சொன்னால் அது நோயாளியின் காதில் அன்பாக விழும். செய்யாத சபை அதையே சொன்னால் இன்னும் ஒரு தண்டனையாகத்தான் விழும்.